டிராகனை நம்பவைக்கும் வாக்கியம்

1956 ஏப்ரலில் அமெரிக்காவின் 'தி நேஷன்' வார இதழில் ஒரு மதிப்புரை வெளியானது. எழுதியவர் எட்மண்ட் வில்சன். அன்றைய அமெரிக்க இலக்கிய உலகில் அவர் ஒரு நூலைத் தூக்கிப் பிடித்தால் அது நிற்கும். தள்ளிவிட்டால் எழுந்திருப்பது கஷ்டம். ஜே.ஆர்.ஆர்.டோல்கினின் 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' மூன்று பாகங்களையும் தன் ஏழு வயது மகளுக்கு உரக்கப் படித்துக் காட்டிவிட்டு அவர் எழுதிய மதிப்புரை அது. உரைநடையும் தேறவில்லை, பாட்டுகளும் தேறவில்லை, பேராசிரியர் ஒருவரின் கத்துக்குட்டி எழுத்து என்பது அவர் தீர்ப்பு. இத்தனைக்கும் அதே நூலைக் கவிஞர் டபிள்யூ.எச்.ஆடன் 'நியூயார்க் டைம்ஸ்' நாளேட்டில் வாயாரப் புகழ்ந்திருந்தார்.

67 ஆண்டுகள் கழித்து, 2023 மார்ச்சில், 'வயர்ட்' இதழ் பிராண்டன் சாண்டர்சனைப் பற்றி நீண்ட கட்டுரை ஒன்றை வெளியிட்டது. அதற்குச் சரியாக ஓராண்டு முன்புதான் சாண்டர்சன் நான்கு புதிய நாவல்களுக்காகக் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் வாசகர்களிடம் முன்பணம் கேட்டிருந்தார். 1,85,341 பேர் சேர்ந்து 4 கோடியே 17 லட்சம் டாலர் கொடுத்தார்கள். 'வயர்ட்' கட்டுரையின் குறை என்ன? வாக்கியம் வாக்கியமாக எடுத்துப் பார்த்தால் இவர் ஒன்றும் பெரிய எழுத்தாளர் இல்லை என்பதுதான்.

ஃபேன்டஸி எனப்படும் மிகுபுனைவு நாவல்களைப் பற்றி இந்தப் பேச்சு ஓயவே இல்லை. கதை பிரமாதம், நடை சுமார் என்று பாதி பாராட்டிப் பாதி ஒதுக்குவது வழக்கமாகிவிட்டது. அந்தப் பிரிவினையே தவறு. இந்த எழுத்தாளர்களின் நடை எங்கிருந்து வந்ததோ, கதை சொல்லும் பலமும் அங்கிருந்தே வந்தது. அவரவர் வளர்ந்த வீடு, பார்த்த வேலை, கற்ற தொழில் ஆகியவை வாக்கியத்தில் படிந்திருக்கின்றன. பலவீனங்களும் அதே ஊற்றிலிருந்து வருபவைதான்.

கடன் வாங்க இடமில்லை

இந்த விஷயத்தை முதலில் தெளிவாக எடுத்து வைத்தவர் உர்சுலா கே.லெ குவின். 1973இல் 'ஃப்ரம் எல்ஃப்லேண்ட் டு பொகீப்ஸி' என்றொரு கட்டுரை எழுதினார். அதில் ஒரு வேலை செய்தார். அன்றைக்குப் பிரபலமாக இருந்த ஒரு மிகுபுனைவு நாவலிலிருந்து ஒரு பத்தியை எடுத்துக்கொண்டு, நான்கைந்து சொற்களையும் பெயர்களையும் மட்டும் மாற்றினார். மந்திரமும் அரச வம்சமும் இருந்த காட்சி, வாஷிங்டன் அரசியல்வாதிகள் இருவர் பேசிக்கொள்ளும் காட்சியாக மாறிவிட்டது! வேறு எதையும் தொட வேண்டியிருக்கவில்லை. அப்படியானால் அந்த மாயாலோகம் வெறும் வேஷம்தானே என்பது அவர் கேள்வி.

யதார்த்த நாவலாசிரியருக்கு ஒரு வசதி உண்டு. லண்டன் ரயில் நிலையம், மழை, மாலை ஆறு மணி என்று அவர் எழுதினால் போதும். மீதியை வாசகரே தன் அனுபவத்திலிருந்து நிரப்பிக்கொள்வார். இல்லாத ஒரு தீவை எழுதுபவருக்கு அந்தக் கடன் கிடைக்காது. அங்கே வீசும் காற்றும், மனிதர்கள் பேசும் முறையும், அவர்கள் எதற்கு அஞ்சுகிறார்கள் என்பதும் வாக்கியத்தில் இருந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. ஆகவே மிகுபுனைவில் நடை என்பது மேல்பூச்சு அல்ல என்று லெ குவின் வாதாடினார்.

சொன்னதைச் செய்து காட்டியவர் அவர். 1968இல் வெளியான 'எ விசார்ட் ஆஃப் எர்த்ஸீ' இன்றைய தலையணைப் புத்தகங்களுக்குப் பக்கத்தில் வைத்தால் மெலிந்து தெரியும். லெ குவினின் தந்தை ஆல்ஃபிரெட் குரோபர் புகழ்பெற்ற மானுடவியலாளர். தாய் தியோடோரா, ஒரு கலிஃபோர்னியப் பழங்குடி இனத்தில் கடைசியாக மிஞ்சிய 'இஷி' என்ற மனிதரின் வாழ்க்கையை நூலாக எழுதியவர். தொன்மங்களும் வாய்மொழிக் கதைகளும் புழங்கிய வீடு அது. எர்த்ஸீயின் நடையில் அந்த வீடு இருக்கிறது. என்றோ நடந்து முடிந்து, பாட்டாகவும் பாடப்பட்டுவிட்ட ஒருவனின் இளமைக்கதையை ஊர்ப் பெரியவர் நிதானமாகச் சொல்வதுபோல் வாக்கியங்கள் அடியெடுத்து வைக்கும்.

நாவலின் தொடக்கத்தில் வரும் ஆடுகள் காட்சியைக் கவனித்தால் இது புரியும். மலைத்தீவு ஒன்றில் ஆடு மேய்க்கும் சிறுவன், கூரைமேல் ஏறிய ஆட்டை இறக்கத் தன் சித்தி ஒரு மந்திரச் சொல்லைச் சொல்வதைக் கேட்கிறான். மறுநாள் விளையாட்டாக அவனும் சொல்லிப் பார்க்கிறான். ஆடுகள் வருகின்றன. வந்தவை போகவில்லை. மஞ்சள் கண்களோடு சத்தமில்லாமல் அவனை நெருக்கிக்கொண்டு நிற்கின்றன. பயந்து ஓடுகிறான், சுற்றி வளைத்தபடி அவையும் ஓடி வருகின்றன. ஒளி, புகை, இடிமுழக்கம் என்று எதுவும் இல்லை. மந்திரத்தை ஏவுவது சுலபம், விலக்குவது கடினம் என்ற நாவலின் மையச் செய்தி அந்த ஆட்டு மந்தைக்குள்ளேயே வந்துவிட்டது.

அவர் அடக்கி வாசித்த இன்னொரு விஷயம் நிறம். நாயகன் கெட் செம்பழுப்பு நிறத்தவன். அவனுடைய உயிர்த்தோழன் கறுப்பு. படையெடுத்து வரும் முரடர்கள்தான் வெள்ளையர்கள். 1968இல் இது பெரிய மீறல். ஆனால் நாவல் அதை அறிவிப்பதே இல்லை. போகிற போக்கில் ஒரு சொல்லாக வைத்துவிட்டு நகர்ந்துவிடும். வாசகர் அந்தச் சிறுவனோடு ஒன்றிய பிறகுதான் அவன் நிறம் தெரியவரும். 2004இல் வந்த தொலைக்காட்சித் தொடர் கெட்டை வெள்ளையனாக்கியபோது லெ குவின் கொதித்துப்போய் வெளிப்படையாகக் கண்டித்து எழுதினார்.

பேச்சிலேயே ஆளைக் காட்டியவர்

டோல்கின் முதல் உலகப்போரில் சோம் போர்முனையிலிருந்து நோயோடு திரும்பியவர். போர் முடிந்ததும் 1919–20இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியில் வேலை பார்த்தார். 'வால்ரஸ்' போன்ற சொற்களின் பூர்வீகத்தைத் தேடியவர்களில் அவரும் ஒருவர். பிறகு ஆக்ஸ்ஃபோர்டில் பழைய ஆங்கிலப் பேராசிரியர். சிறுவயது முதலே சொந்தமாக மொழிகளைப் படைப்பது அவருக்குப் பழக்கம். அந்த மொழிகளைப் பேச ஓர் உலகம் வேண்டுமே என்றுதான் கதைகளே பிறந்தன என்று அவரே பலமுறை சொல்லியிருக்கிறார்.

அவர் நடையைக் குறை சொல்பவர்கள் சுட்டுவது மூன்று விஷயங்களை: நீளமான நில வருணனை, 'மேலும்' 'மேலும்' என்று கோத்துக்கொண்டே போகும் வாக்கியங்கள், பழைய காலத்து வார்த்தை வரிசை. மூன்றும் உண்மை. ஆனால் அவை நூல் முழுக்க ஒரேபோல் இல்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஹாபிட்டுகள் வாழும் ஷயர் பகுதியில் நடை ஊர்த்திண்ணைப் பேச்சாக இருக்கிறது. கதை கிழக்கே நகர நகர, குதிரை வீரர்களின் ரோஹன் நாட்டில் பழைய வீரப்பாடல்களின் ஓசை ஏறிவிடுகிறது. நிலம் மாறினால் மொழி மாறும். இது திட்டமிட்டுச் செய்தது.

'எல்ராண்டின் அவை' என்ற அத்தியாயம் இதற்கு உச்சம். கதைப்படி அங்கே நடப்பது ஒரு கூட்டம், அவ்வளவுதான். பல நாட்டுப் பிரதிநிதிகள் உட்கார்ந்து மாற்றி மாற்றிப் பேசுகிறார்கள். சண்டை இல்லை, பயணம் இல்லை. வேறு யார் எழுதியிருந்தாலும் வாசகர் தூங்கிப்போயிருப்பார். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் பேசுவதை வைத்தே அவர் எந்த ஜில்லாக்காரர் என்று கண்டுபிடித்துவிடுவோமே, அதுபோல அந்த அவையில் ஒவ்வொருவரின் பேச்சும் ஆளைக் காட்டிக்கொடுக்கிறது. குள்ளர் இனத்து க்ளோயின் சொற்செட்டோடு பேசுகிறார். போரமீர் நெஞ்சு நிமிர்த்திப் பேசுகிறான். துரோகியாகிவிட்ட மந்திரவாதி சாருமானின் பேச்சை சக மந்திரவாதி கேண்டால்ஃப் அப்படியே எடுத்துச் சொல்கிறார். அதில் அறிவு, ஆட்சி, ஒழுங்கு என்று வழுவழுப்பான பெரிய வார்த்தைகள் வருகின்றன. நோக்கம் நல்லதாயிருந்தால் சில தீமைகளைப் பொறுத்துக்கொள்ளலாம் என்ற சமாதானம் வருகிறது. இருபதாம் நூற்றாண்டு அரசியல்வாதி ஒருவர் அந்தப் பழைய அவைக்குள் நுழைந்துவிட்டதைப் போலிருக்கும். சாருமான் கெட்டவன் என்று டோல்கின் சொல்ல வேண்டியதே இல்லை. அவன் வாக்கியமே சொல்லிவிடுகிறது. மொழியியல் அறிஞர் டாம் ஷிப்பி இந்த அத்தியாயத்தை இப்படித்தான் பிரித்துப் பிரித்து விளக்கினார்.

நில வருணனைக்கும் காரணம் உண்டு. டோல்கினின் மனிதர்கள் நடக்கிறார்கள். வரைபடத்தை முதலில் வைத்துக்கொண்டு, அதற்கேற்பத் தூரத்தையும் நாளையும் நிலவின் பிறையையும்கூடக் கணக்கிட்டு எழுதியவர் அவர். கால் வலிக்கும் அளவுக்கு வாசகரும் நடந்தால்தான், கடைசி மலையில் நாயகன் ஃப்ரோடோ தவழ்ந்து ஏறும்போது மூச்சு வாங்கும். இதற்கு அவர் கொடுத்த விலையும் உண்டு. முதல் பாகத்தின் ஆரம்ப அத்தியாயங்களில் பொறுமையிழந்து புத்தகத்தை மூடி வைத்தவர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள்.

செய்தியாளரின் அடிக்குறிப்பு

டெரி பிராட்செட் 17 வயதில் 'பக்ஸ் ஃப்ரீ பிரஸ்' என்ற உள்ளூர்ப் பத்திரிகையில் சேர்ந்தவர். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே ஒரு பிணத்தைப் பார்த்ததாகச் சொல்வார். பின்னாளில் மின்வாரியத்தின் செய்தித் தொடர்பாளராகி, அணுமின் நிலையங்களைப் பற்றிப் பத்திரிகைக்காரர்களுக்குப் பதில் சொல்லும் பொறுப்பில் இருந்தார். அந்த வேலையில் இருந்தபடியே ஒரு நாளைக்கு 400 சொற்கள் என்று கணக்கு வைத்து எழுதினார். 'தி கலர் ஆஃப் மேஜிக்' 1983இல் வந்தது. 2015 மார்ச் 12 அன்று மறையும்வரை அவர் எழுதிய டிஸ்க்வேர்ல்ட் நாவல்கள் 41.

பத்திரிகைக்காரரின் பழக்கங்கள் அவர் பக்கங்களில் நிறைந்திருக்கின்றன. பெரும்பாலான நாவல்களில் அத்தியாயப் பிரிவே கிடையாது; காட்சிக்குக் காட்சி தாவி ஓடிக்கொண்டே இருக்கும். முக்கியமான செய்தியைப் பக்கத்தின் அடிக்குறிப்பில் ஒளித்து வைப்பார். மரணம் என்ற பாத்திரம் பேசும்போது மேற்கோள் குறி இருக்காது. எல்லாம் ஆங்கிலப் பெரிய எழுத்தில் அச்சாகும். ஒரு வருணனையும் இல்லாமல் அந்தக் குரலின் கனம் வாசகர் காதில் விழுந்துவிடும்.

அவருடைய பலத்தை ஒரே பத்தியில் பார்க்க விரும்புபவர்கள் 1993இல் வந்த 'மென் அட் ஆர்ம்ஸ்' நாவலுக்குப் போகலாம். காவல்படைத் தலைவர் சாம் வைம்ஸ் தன் காலணிகளைப் பற்றி யோசிக்கும் இடம் அது. அவருக்கு மாதச் சம்பளம் 38 டாலர். நல்ல தோல் காலணி 50 டாலர். வாங்கினால் பல வருடம் உழைக்கும். அவரால் வாங்க முடிந்ததோ 10 டாலர் காலணி. ஓரிரு பருவத்தில் அட்டை நைந்து தண்ணீர் உள்ளே வரும். ஆக, பத்து வருடத்தில் ஏழை 100 டாலர் செலவழித்திருப்பான், அப்போதும் கால் நனைந்தபடி இருப்பான். பணக்காரன் பணக்காரனாகவே இருப்பதற்குக் காரணம் அவன் செலவழிப்பது குறைவு என்பதே வைம்ஸின் முடிவு. டிராகன்களும் குள்ளர்களும் உலவும் நாவலில் வரும் பொருளாதாரம் இது. 2022இல் பிரிட்டனில் விலைவாசி ஏறி ஏழைகள் திணறியபோது, மிக மலிவான உணவுப் பொருள்களின் விலை எப்படி ஏறுகிறது என்று கணக்கெடுக்கத் தொடங்கிய சமையல் எழுத்தாளர் ஜாக் மன்றோ, அந்தக் குறியீட்டுக்கு வைம்ஸின் காலணி என்றே பெயர் வைத்தார். பிராட்செட் குடும்பம் மகிழ்ந்து அனுமதி தந்தது.

சிரிக்க வைத்துவிட்டுக் கோபப்பட வைப்பது அவர் வழி. பலவீனம் ஆரம்ப நாவல்களில் உண்டு. முதல் இரண்டு நூல்களும் அன்றைய வாள்-மந்திரக் கதைகளைக் கேலி செய்வதோடு நின்றுவிடுகின்றன. மனிதர்கள்மீது அக்கறை பிறந்தது பிறகுதான்.

விளம்பர இடைவேளைக்கு முன்

ஜார்ஜ் ஆர்.ஆர்.மார்ட்டின் 1980களில் ஹாலிவுட் தொலைக்காட்சியில் எழுதியவர். 'ட்விலைட் ஸோன்' மறுவருகை, 'ப்யூட்டி அண்ட் தி பீஸ்ட்' ஆகிய தொடர்களில் வேலை செய்தார். அவர் எழுதிக் கொடுத்தது நீளம், செலவு ஜாஸ்தி என்று வெட்டிக்கொண்டே இருந்தார்களாம். அந்த எரிச்சலில்தான் எவராலும் படமெடுக்க முடியாத அளவுக்குக் கோட்டைகளும் படைகளும் பாத்திரங்களும் நிறைந்த ஒரு கதையை எழுத உட்கார்ந்தார். 'எ கேம் ஆஃப் த்ரோன்ஸ்' 1996இல் வந்தது. 2011இல் அதையே எச்.பி.ஓ. படமெடுத்து ஒளிபரப்பத் தொடங்கியது.

தொலைக்காட்சி அவருக்குக் கற்றுக்கொடுத்த பாடம், விளம்பர இடைவேளைக்கு முன் பார்வையாளரைக் கட்டிப்போடுவது. அவருடைய பெரும்பாலான அத்தியாயங்கள் ஒரு பாத்திரத்தின் பெயரையே தலைப்பாகக் கொண்டு, அந்த ஆளின் கண்ணுக்குத் தெரிவதை மட்டும் சொல்லி, ஒரு திருப்பத்தில் அறுந்து நிற்கும். அடுத்த அத்தியாயம் வேறு ஆள், வேறு ஊர். இன்றும் அவர் எழுதுவது இணைய இணைப்பில்லாத பழைய டாஸ் கணினியில், வேர்ட்ஸ்டார் 4.0 மென்பொருளில்.

முதல் நூலில் நெட் ஸ்டார்க்கின் தலை துண்டிக்கப்படுகிறது. அதற்கான கட்டுமானம் ஆரம்பத்திலேயே தொடங்கிவிட்டது. ஏழு வயது பிரான் தன் தந்தை நெட், படையை விட்டு ஓடிவந்த ஒருவனுக்குத் தண்டனை நிறைவேற்றுவதைப் பார்க்கிறான். தீர்ப்புச் சொல்பவனே வாளையும் வீச வேண்டும், சாகப்போகிறவன் முகத்தைப் பார்க்கத் துணிவில்லாதவனுக்குக் கொல்லும் உரிமை இல்லை என்பது நெட்டின் நெறி. அவர் வீசும் குலவாளின் பெயர் 'ஐஸ்'. பல நூறு பக்கங்கள் தாண்டி, சிறுவன் ஒருவன் அரசனாகி, தான் வாளை வீசாமல் கொலையாளியை ஏவி, அதே 'ஐஸ்' வாளால் நெட்டைக் கொல்கிறான். நாம் அந்த வெட்டைப் பார்ப்பதில்லை. கூட்டத்துக்குள் முண்டியடித்து ஓடும் நெட்டின் சிறு மகள் ஆர்யாவை ஒருவர் பிடித்து, பார்க்க விடாமல் அணைத்துக்கொள்கிறார். ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் மூச்சை வெளியே விடும் சத்தம் மட்டும் அவள் காதில் விழுகிறது.

இரத்தத்தை அள்ளித் தெளிப்பவர் என்று பெயரெடுத்த மார்ட்டின், தொடரின் மிக முக்கியமான மரணத்தை ஒரு குழந்தையின் காது வழியாகச் சொன்னார்! பார்வைக் கோணத்தைக் கறாராகக் கடைப்பிடிப்பவருக்குத்தான் இது கைகூடும்.

அதே கறார்தான் அவரைச் சிக்கவும் வைத்தது. பாத்திரங்கள் பெருகப் பெருக, மீரீன் என்ற நகரத்துக்கு யார் எப்போது வந்து சேர்வது, யார் கண் வழியே அதைச் சொல்வது என்று தீராத முடிச்சு விழுந்தது. 'மீரீன் முடிச்சு' என்று அவரே அதற்குப் பெயர் வைத்தார். பாரிஸ்டன் என்ற முதிய வீரரைப் புதுக் கதைசொல்லியாகச் சேர்த்த பிறகே அது அவிழ்ந்தது. நான்காம் நூல் 2005இல் வந்தது, ஐந்தாம் நூலுக்கு 2011வரை ஆனது. ஆறாவது நூலுக்கான காத்திருப்பு பத்தாண்டுகளைத் தாண்டிவிட்டது. எழுத்தாளர்களில் கட்டடக்காரர், தோட்டக்காரர் என இரு வகை உண்டு, தான் இரண்டாம் வகை என்பார் மார்ட்டின்.

சடையும் சட்டமும்

ராபர்ட் ஜோர்டானின் 'வீல் ஆஃப் டைம்' தொடரைப் படித்தவர்களிடம் நைனீவ் என்று சொன்னால் போதும், சடையைப் பிடித்து இழுப்பதுபோல் நடித்துக் காட்டுவார்கள். கோபம் வந்தால் அவள் சடையை இழுப்பாள். 1990இல் தொடங்கிய தொடரில் இழுத்துக்கொண்டே இருந்தாள். பெண்கள் பாவாடைச் சுருக்கத்தை நீவிவிடுவதும் பக்கத்துக்குப் பக்கம் வரும். சலிப்பூட்டும் பழக்கம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் நூற்றுக்கணக்கான பாத்திரங்களோடு ஆண்டுக்கணக்கில் நீளும் தொடரில், ஒருத்தியை மறுபடி அடையாளம் காட்ட அந்தச் சடை உதவியது. வாய்மொழிக் காவியங்கள் வீரர்களின் பெயரோடு நிரந்தர அடைமொழியை ஒட்டி வைத்ததும் இதற்காகத்தான்.

வியட்நாம் போரில் பங்கேற்ற ஜோர்டானுக்குப் போர்க்களமும் அதன்பின் மனிதன் சுமக்கும் பாரமும் நேரடியாகத் தெரியும். நாயகன் ராண்ட் தன் பொருட்டு இறந்த பெண்களின் பெயர்களை மனதுக்குள் அடுக்கிக்கொண்டே போவது தொடரின் மிகக் கனமான இடங்களில் ஒன்று. தனக்குத் தீராத நோய் என்று தெரிந்ததும், தான் போனாலும் கதை நிற்கக்கூடாது என்று முடிவுக் காட்சிகளைச் சொல்லிப் பதிவு செய்துவைத்தார். 2007 செப்டம்பரில் மறைந்தார். அவர் மனைவியும் பதிப்பாசிரியருமான ஹேரியட் மெக்டூகல் தேர்ந்தெடுத்தவர்தான் சாண்டர்சன். அவர் எழுதிய மூன்று நூல்களுடன் 2013 ஜனவரியில் தொடர் 14 நூல்களாக நிறைவுற்றது. பிராட்செட்டின் விருப்பம் நேர்மாறு. முடிக்காத கதைகள் எவர் கைக்கும் போகக்கூடாது என்றார். 2017இல் அவருடைய கணினி வன்தட்டை நீராவி ரோடு ரோலர் ஏற்றி நசுக்கினார்கள்.

சாண்டர்சன் ஜோர்டானின் குரலைப் போலிசெய்யவில்லை. தன் நடையிலேயே முடித்தார். அது கண்ணாடிபோலத் தெளிவாக இருந்தால் போதும் என்று நினைக்கும் நடை. ஹோட்டலில் இரவுநேர வரவேற்பாளராக வேலை பார்த்து, விடியவிடிய எழுதியவர் அவர். 13 நாவல்கள் எழுதிய பிறகே ஒன்று விலைபோனது. அவர் எழுதிய ஆறாவது நாவலான 'எலன்ட்ரிஸ்' 2005இல் முதல் நூலாக வந்தது. பல்கலைக்கழகத்தில் எழுத்துப் பாடம் நடத்தும் ஆசிரியர் என்பது அவர் கதைகளில் தெரியும். ஒரு மந்திரம் வாசகருக்கு எந்த அளவுக்குப் புரிந்திருக்கிறதோ அந்த அளவுக்கே அதை வைத்துச் சிக்கலைத் தீர்க்கலாம் என்பது அவர் 2007இல் வகுத்த முதல் விதி.

2006இல் வந்த 'மிஸ்ட்பார்ன்' அந்த விதியின் செயல்முறை விளக்கம். அங்கே மந்திரக்காரர்கள் உலோகத் துகளை விழுங்கி வயிற்றில் 'எரிக்கிறார்கள்'. எஃகை எரித்தால் அருகிலுள்ள உலோகத்தைத் தள்ளலாம். ஆனால் தள்ளுபவரின் எடைக்கும் கணக்கு உண்டு. லேசான காசைத் தள்ளினால் அது குண்டாகப் பாயும். அதே காசு தரையில் முட்டி நின்றுவிட்டால், தள்ளும் விசை திரும்பி ஆளை வானுக்குத் தூக்கும். தெருவில் வளர்ந்த வின் என்ற பெண் இதை ஒவ்வொன்றாக விழுந்து எழுந்து கற்கும்போது வாசகரும் கற்றுவிடுகிறார். பிறகு சண்டைக்காட்சியில் அவள் காசைச் சுண்டியதும், அடுத்து என்ன நடக்கும் என்று வாசகரின் மூளையே ஓட ஆரம்பிக்கிறது. அலங்கார வாக்கியம் இந்த இடத்தில் தடங்கல்தான். அதேசமயம், கண்ணாடி நடை எல்லா இடத்துக்கும் பொருந்துவதில்லை. துயரமான கட்டங்களில் அவருடைய மனிதர்கள் தங்கள் மனநிலையைத் தாங்களே விளக்கிச் சொல்லிவிடுகிறார்கள். வாசகர் உணர்ந்துகொள்ள மிச்சம் எதுவும் இருப்பதில்லை.

மோட்டார் சைக்கிள் கடன்

ஜே.கே.ரௌலிங்கின் வினையடைகள் பிரசித்தம். ஒருவர் பேசினால் 'கடுகடுப்பாகச் சொன்னான்', 'மெதுவாகச் சொன்னாள்' என்று சேர்த்துவிடுவார். ஸ்டீஃபன் கிங்கே 2003இல் மதிப்புரை எழுதியபோது இதைக் கிண்டலடித்தார். ஆனால் ரௌலிங் உண்மையில் எழுதுவது துப்பறியும் கதை. 1997இல் வந்த 'ஹாரி பாட்டர்' வரிசையின் முதல் நூலில், முதல் அத்தியாயத்திலேயே, ஹேக்ரிட் ஓட்டிவரும் பறக்கும் மோட்டார் சைக்கிளைக் கடன் கொடுத்தவர் என்று சிரியஸ் பிளாக்கின் பெயர் போகிற போக்கில் வருகிறது. அந்த ஆள் யார் என்பது 1999இல் மூன்றாம் நூலில்தான் தெரியும். இரண்டாம் நூலில் உடையும் அலமாரி ஆறாம் நூலில் எதிரிகள் பள்ளிக்குள் நுழையும் வழியாகிறது. ஐந்தாம் நூலில் யாராலும் திறக்க முடியாத ஒரு பதக்கம், குப்பையோடு குப்பையாக ஒரே வரியில் வருகிறது. ஏழாம் நூலில் அதற்காக உயிரைப் பணயம் வைக்கிறார்கள். தடயத்தை வாசகர் தாண்டிப் போக வேண்டுமானால் வாக்கியம் கண்ணில் உறுத்தக்கூடாது. ரௌலிங்கின் சாதாரண நடை அவருக்குத் தேவையான மறைப்பு.

நீ என்று தொடங்கும் நாவல்

நடையில் துணிந்து விளையாடியவர்களும் வெகுசன வாசகரை வென்றிருக்கிறார்கள். சூசன்னா கிளார்க் சுமார் பத்தாண்டுகள் உழைத்து 2004இல் வெளியிட்ட 'ஜொனாதன் ஸ்ட்ரேஞ்ச் அண்ட் மிஸ்டர் நாரெல்', ஜேன் ஆஸ்டின் காலத்து எழுத்துக்கூட்டலோடும், இல்லாத நூல்களை மேற்கோள் காட்டும் அடிக்குறிப்புகளோடும் வந்து விற்பனையில் சக்கைப்போடு போட்டது. நோய்வாய்ப்பட்டு நீண்டகாலம் எழுத முடியாமல் இருந்த பிறகு அவர் எழுதிய சிறிய நாவலான 'பிரனேசி' 2021இல் பெண்களுக்கான புனைகதைப் பரிசை வென்றது.

என்.கே.ஜெமிசின் உளவியல் ஆலோசகராக வேலை பார்த்தவர். 2015இல் வந்த அவருடைய 'தி ஃபிஃப்த் சீசன்' நாயகியை 'நீ' என்று அழைத்துக் கதை சொல்கிறது. தன் கணவனே தங்கள் சின்ன மகனை அடித்துக் கொன்றுவிட்டதை ஒரு தாய் கண்டுபிடிக்கும் நாளில்தான் உலகமும் முடியத் தொடங்குகிறது. அதிர்ச்சியில் உறைந்தவர் தன்னையே வெளியிலிருந்து வேறொருவராகப் பார்ப்பார் என்பது மனநல மருத்துவம் அறிந்த உண்மை. அந்த 'நீ' அந்த உறைநிலையின் குரல். அப்படிச் சொல்வது யார் என்ற புதிரும் அதற்குள்ளேயே இருக்கிறது. நிலநடுக்கத்தை அடக்கும் ஆற்றல் பெற்றவர்களை அடிமையாக்கி வைத்திருக்கும் சமூகத்தை எழுதிய இந்த முந்நூல் வரிசையின் மூன்று நூல்களும் 2016, 2017, 2018 என அடுத்தடுத்து சிறந்த நாவலுக்கான ஹ்யூகோ விருதைப் பெற்றன. அதற்கு முன் தொடர்ந்து மூன்று ஆண்டு அந்த விருதை வென்றவர் எவருமில்லை. அந்த விருதைப் பெற்ற முதல் கறுப்பின எழுத்தாளரும் அவர்தான்.

இவ்வளவு வகை நடை ஒரே துறைக்குள் இருக்கும்போது, மிகுபுனைவு எழுத்தாளர்களுக்கு எழுதத் தெரியாது என்று மொத்தமாக முத்திரை குத்துவது வாசிக்காதவர் சொல்லும் தீர்ப்பு. ஒரு வாக்கியம் அழகாக இருக்கிறதா என்று மட்டும் கேட்டால் சாண்டர்சன் தோற்பார், ரௌலிங் தோற்பார். அந்த வாக்கியம் எந்த வேலைக்காக அங்கே நிறுத்தப்பட்டிருக்கிறது என்றும் கேட்டால் இருவருமே கெட்டிக்காரத் தொழிலாளிகள்.

படமாக, தொடராகப் பார்த்துவிட்டோமே என்று இந்நூல்களை ஒதுக்கிவிட வேண்டாம். திரையில் டிராகன் வரும்; பிராட்செட்டின் அடிக்குறிப்பும் எல்ராண்டின் அவையில் ஒலிக்கும் அத்தனை குரல்களும் முழுசாக வராது. ஆங்கிலத்தில் படிக்கத் தயங்குபவர்கள் ரௌலிங்கிலோ சாண்டர்சனின் 'மிஸ்ட்பார்ன்' நாவலிலோ தொடங்கலாம். இருவரின் மொழியும் வழிமறிக்காது. பிராட்செட்டின் 41 நாவல்களையும் வெளியான வரிசையில் படிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. 1989இல் வந்த 'கார்ட்ஸ்! கார்ட்ஸ்!' நல்ல நுழைவாயில், வைம்ஸ் அறிமுகமாவது அதில்தான். மார்ட்டினைத் தொடங்குபவர்கள் தொடர் இன்னும் முடியவில்லை என்பதை அறிந்தே தொடங்குவது நல்லது. நேரம் குறைவு, ஒரே ஒரு நூல்தான் படிக்க முடியும் என்பவர்கள் 'எ விசார்ட் ஆஃப் எர்த்ஸீ'யை எடுத்துக்கொள்ளுங்கள்.